விலை சொல்லக் கூசும் பொருள்கள்



தைப்பூசத்தையொட்டி, துன் எச். எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் ஈப்போ சாலை வழியாகப் பத்துமலையை நோக்கி நகர்வதைச் செந்தூல்வாசிகளாகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள் இருக்கும். கை நீட்டினால் மோர் கிடைக்கும், பானகம் கிடைக்கும், சோற்றுப் பொட்டலமும் கிடைக்கும். மோரை வாங்கிக் குடித்த ஒருவர் பணப்பையைத் திறந்து, “எவ்வளவு, ஐயா?” என்று கேட்டால் என்ன நிகழும்? பந்தலில் நிற்பவர் முகம் சுருங்கும். “அப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்பார். அதே ஐந்து வெள்ளியை ஓரத்திலுள்ள உண்டியலில் இட்டால், அவரே கைகூப்புவார். பத்தடி தள்ளி ஒரு கடையில் அதே மோர் விலைக்கு விற்கிறது. அங்கே விலை கேட்பவரும் கூசுவதில்லை, சொல்பவரும் கூசுவதில்லை.

மோர் ஒன்றே, பணமும் ஒன்றே. ஆயினும் ஓரிடத்தில் கேட்கத் தகாத கேள்வி, மற்றோரிடத்தில் இயல்பான கேள்வியாகிவிடுகிறது. இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் இன்றைய உரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவதை இவ்வுரையில் ‘ஈடுமாற்று’ என்று குறிப்பேன். நாள்தோறும் நாம் நூறு ஈடுமாற்றுகளைத் தயக்கமின்றிச் செய்கிறோம். உழைப்பைக் கொடுத்துச் சம்பளம் பெறுகிறோம். நேரத்தை மிச்சப்படுத்தக் கட்டணச் சாலையில் பணம் செலுத்துகிறோம். சில ஈடுமாற்றுகளை மட்டும் எண்ணிப் பார்ப்பதற்கே மனம் கூசுகிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது, நம் தெரிவுகளை எவ்வாறு வளைக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தமிழ் அறிந்த கூச்சம்

இக்கூச்சத்தைத் தமிழ்மொழி நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ‘ஈடிணையற்றது’ என்று ஒன்றைப் போற்றும்போது, அதற்கு மாற்றாக வைக்கத்தக்க பொருள் இல்லை என்கிறோம். பொருள் விலைபோனால் வணிகனுக்கு மகிழ்ச்சி. மனிதனை ‘விலைபோனவன்’ என்றால் அது வசை. ‘கூலிக்கு மாரடித்தல்’ என்ற வழக்கை எண்ணிப் பாருங்கள். கூலி பெறுவது இழிவன்று. இறந்தவருக்காக மாரடித்து அழுவதும் இழிவன்று. இரண்டும் ஒன்றுசேரும்போதுதான் சொல் கசக்கிறது. ஆகவே கூச்சம் பொருளில் இல்லை, பணத்திலும் இல்லை. அவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கும் செயலில் அது பிறக்கிறது.

புறநானூற்றின் 208ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் செல்கிறார். மன்னன் அவரை நேரில் காணாமலே பரிசிலை அனுப்பி, பெற்றுக்கொண்டு செல்லுமாறு சொல்லிவிடுகிறான். புலவர் அதனை ஏற்கவில்லை. தாம் வாணிகம் செய்ய வந்தவர் அல்லர் என்கிறார். தம்மைக் கண்டு, தம் தகுதியறிந்து கொடுப்பதாயின் தினையளவு பொருளும் தமக்கு இனியது என்கிறார். பரிசிலின் அளவில் அவருக்குக் குறையில்லை. கண்டு கொடுத்தால் கொடையாக இருந்திருக்கக்கூடியது, காணாமல் கொடுத்ததால் பாட்டுக்கு விலையாகிவிட்டது.

இங்கே இன்னொன்றையும் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். குமணனை நோக்கி இதே புலவர் பாடிய பாடல்களில், முதிர்ந்த தாயும், மெலிந்த மனைவியும், பசியால் வாடும் பிள்ளைகளும் வாழும் தம் வீட்டின் வறுமையை விரித்துரைக்கிறார். அத்தகைய வீட்டுக்குரியவர் ஒரு பரிசிலை மறுக்கும்போது, மறுப்பின் பெருமை புலவரைச் சேரும். பசியில் ஒரு பங்கு வீட்டில் இருப்பவர்களைச் சேரும். கூச்சத்திற்கும் ஒரு செலவு உண்டு. அதைச் செலுத்துபவர் கூசியவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

மூவகை ஈடுமாற்றுகள்

அமெரிக்க உளவியலாளர் பிலிப் டெட்லாக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஈடுமாற்றுகளை மூன்றாக வகுத்துக் காட்டியது. சாதாரணப் பொருளுக்குச் சாதாரணப் பொருளை வைப்பது முதல் வகை. சந்தையில் நாம் செய்வது அது. புனிதமானது எனக் கருதுவதைப் பணம் போன்ற சாதாரணப் பொருளோடு எடைபோடுவது இரண்டாம் வகை. இதனை விலக்கப்பட்ட ஈடுமாற்று எனலாம். புனிதமானவை இரண்டு எதிரெதிரே நின்று, ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க நேர்வது மூன்றாம் வகை. இது துயர ஈடுமாற்று.

இவற்றுக்கிடையிலான வேறுபாட்டை அவர்கள் ஒரு கதையின் வழியே சோதித்தனர். ஒரு மருத்துவமனை நிருவாகியிடம் ஒரு சிறுவனின் உயிரைக் காக்கும் அறுவைச் சிகிச்சைக்கான முடிவு வருகிறது. அதே பணத்தை மருத்துவமனையின் பிற தேவைகளுக்கும் செலவிடலாம். நிருவாகி உடனே “சிறுவனைக் காப்போம்” என்று முடிவெடுத்தால் மக்கள் பாராட்டினர். நெடுநேரம் சிந்தித்துப் பின்னர் அதே முடிவை எடுத்தால், முடிவு சரியாக இருந்தும் அவரைக் குறைத்தே மதித்தனர். ‘இதற்குமா கணக்குப் பார்த்தான்?’ என்பது அவர்தம் எண்ணம். கதையைச் சற்று மாற்றி, ஒரு சிறுவன் உயிரா மற்றொரு சிறுவன் உயிரா என்று அமைத்தபோது நிலைமை தலைகீழானது. நெடிது சிந்தித்தவரையே மக்கள் மேலானவராகக் கருதினர்.

இந்த ஆய்வைப் படிக்கும் தமிழருக்கு மனுநீதிச் சோழன் வரலாறு நினைவுக்கு வராமல் இராது. சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் முறையில் அதனை நோக்குவோம். இளவரசன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்று மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை அசைக்கிறது. அமைச்சர்கள் அரசனுக்கு ஒரு வழி சொல்கின்றனர்: மறை விதித்த கழுவாயைச் செய்து இப்பிழையைத் தீர்த்துக்கொள்ளலாம். சடங்கும் செலவும் ஒரு தட்டில், போன உயிர் மறுதட்டில். டெட்லாக்கின் சொல்லில் இது விலக்கப்பட்ட ஈடுமாற்று. அரசன் அதனை ஏற்கவில்லை. பிறன் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைத் தண்டித்துவிட்டு, தன் மகன் கொன்றால் கழுவாய் தேடுவது எங்ஙனம் முறையாகும் என வினவுகிறான். உயிருக்கு உயிரே ஈடு என்று மகனைத் தேர்க்காலில் இடுகிறான். விலக்கப்பட்ட ஈடுமாற்றைத் துயர ஈடுமாற்றாக மாற்றிய செயல் அது. அதனால்தான் இன்றளவும் அவனைப் போற்றுகிறோம்.

புராணத்தில் இறைவன் தோன்றி, கன்றையும் மகனையும், கட்டளையை நிறைவேற்ற மனமின்றித் தன்னுயிர் நீத்த அமைச்சனையும் எழுப்பித் தருகிறான். மருத்துவமனையிலும் வரவுசெலவுத் திட்டம் தீட்டும் அலுவலகத்திலும் அந்த முடிவு கிடைப்பதில்லை. அங்கே கூசி விலகினாலும், கூசாமல் கணக்கிட்டாலும், போன உயிர் போனதுதான்.

பணம் நுழைந்தால் நிகழ்வது

கூச்சம் வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட்டுப் பணத்தை நுழைத்தால் என்ன ஆகும்? ஆசிரியர்களுக்கு நெருக்கமான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. இசுரேலின் ஹைஃபா நகரில் பத்துப் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களை ஊரி நீஸி, ஆல்டோ ருஸ்டிசினி என்னும் பொருளியலாளர் இருவர் இருபது வாரங்கள் கவனித்தனர். மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லச் சில பெற்றோர் தாமதமாக வருவது வழக்கம். ஆறு காப்பகங்களில் தாமதத்திற்குச் சிறு தண்டம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையும் என்பதே எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ வேறு. தாமதமாக வருவோர் தொகை ஏறக்குறைய இருமடங்காயிற்று. பின்னர்த் தண்டத்தை நீக்கியும் பழைய நிலை திரும்பவில்லை.

தண்டத்திற்கு முன்னர், தாமதமாக வரும் பெற்றோர் ஓர் ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசினர். தண்டம் வந்தபின், காத்திருக்கும் நேரத்தைத் தாம் விலைக்கு வாங்குவதாகக் கருதினர். விலை கொடுத்தவருக்குக் கூச்சம் எதற்கு? பணம் நீங்கிய பின்னும் கூச்சம் திரும்பாததே இதில் நாம் அஞ்சவேண்டிய செய்தி.

சுவிட்சர்லாந்தின் வுல்ஃபன்சீசன் என்னும் சிற்றூரில் 1993ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் இத்தகையதே. அணுக்கழிவைப் புதைக்க அவ்வூர் ஏற்ற இடமெனக் கருதப்பட்டது. அதற்கு உடன்படுவீர்களா என்று கேட்டபோது 50.8 விழுக்காட்டினர் இசைந்தனர். நாட்டுக்காக ஏற்கும் சுமை என்று அவர்கள் எண்ணினர். ஆண்டுதோறும் இழப்பீட்டுத் தொகையும் தருவதாகச் சொல்லிக் கேட்டபோது, இசைந்தோர் 24.6 விழுக்காடாகக் குறைந்தனர். பணத்தைக் கூட்டினால் இசைவு கூடும் என்னும் எளிய கணக்கு அங்கே பொய்த்தது. கடமையாக ஏற்க முன்வந்த ஒன்று, கையூட்டைப்போல் தோன்றத் தொடங்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

வடிவம் மாறினால் வழி திறக்கும்

கூச்சம் எப்போதும் கதவை அடைத்துவிடுவதில்லை. பல வேளைகளில் வேறொரு வாயிலைக் காட்டுகிறது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றுகள் உள்ளன.

செந்தூலுக்கு அண்மையில், துன் ரசாக் சாலையில் தேசிய இரத்த மையம் இருக்கிறது. அங்கே இரத்தம் கொடுப்பவருக்குப் பணம் தரப்படுவதில்லை. மலேசியாவில் குருதிக்கொடை தன்னார்வக் கொடையாகவே நடைபெறுகிறது. ஆயினும் கொடையாளர்கள் முற்றிலும் வெறுங்கையோடு செல்வதில்லை. குருதி கொடுத்தவருக்கு அரசு மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம்வரை சிகிச்சைக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. தொடர்ந்து கொடுப்போருக்குச் சலுகையும் கூடுகிறது. கணக்குப் பார்த்தால் அச்சலுகைக்கும் ஒரு வெள்ளி மதிப்பு உண்டு. ஆனால் கையில் ஐம்பது வெள்ளித் தாளைத் திணித்திருந்தால் கூசியிருக்கும் கொடையாளர், இந்தச் சலுகையை மதிப்போடு ஏற்கிறார். உண்டியலில் விழுந்த ஐந்து வெள்ளியை இங்கே நினைவுகூர்க.

பிரித்தானிய அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970ஆம் ஆண்டில் எழுதிய நூலில், குருதியை விலைக்கு வாங்கும் முறை கொடையுணர்வை அரிக்கும் என்றும், பணத்தேவையால் நோயை மறைத்துக் குருதி விற்போர் பெருகுவர் என்றும் வாதிட்டார். 1975ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவையும் ஊதியமில்லாக் குருதிக்கொடையை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. பின்வந்த ஆய்வுகள் அவர் கருத்தைச் சற்றுத் திருத்தியுள்ளன. சிறு பரிசு, விடுப்பு போன்ற நன்றியறிதல்கள் குருதியின் தரத்தைக் கெடுக்காமலே கொடையைப் பெருக்கக்கூடும் என அவை காட்டின. ஆகவே எத்தனை வெள்ளி என்பதோடு, எந்த வடிவில் என்பதும் உடன் கேட்கவேண்டிய கேள்வி.

இதே உண்மையைப் பெருந்திட்டமாக்கிக் காட்டியவர் பேராசிரியர் உங்கு அஜீஸ். கிராமப்புற மலாய் மக்கள் ஹஜ் பயணத்திற்காகப் பல்லாண்டுகள் பணம் சேர்த்தனர். வட்டி கலந்த பணத்தால் புனிதப் பயணம் மேற்கொள்ள மனம் ஒப்பாததால் அவர்கள் வங்கியை நாடவில்லை. பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைத்தனர். நிலத்தையும் கால்நடையையும் விற்றனர். திரும்பி வந்தபோது வாழ்வாதாரம் இழந்தனர். வட்டிக்குக் கூசுவது அறியாமை என்று அவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருக்கலாம். உங்கு அஜீஸ் அவ்வாறு செய்யவில்லை. வட்டியின்றி முதலீட்டு ஆதாயத்தைப் பகிர்ந்தளிக்கும் சேமிப்பு நிறுவனம் ஒன்றை 1959ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அது 1963ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. இன்று நாம் தாபோங் ஹாஜி என அறியும் பெருநிறுவனம் அதுவே. மக்களின் கூச்சத்தை மதித்து, அவர்தம் வறுமையையும் தணிக்க ஒரு வடிவம் தேடப்பட்டது.

நம்மவரிடமும் இத்தகைய வடிவங்கள் இருந்தன. செந்தூலில் தண்டாயுதபாணி கோயில் எழுப்பிய நகரத்தார், கடல்கடந்து வட்டித்தொழில் நடத்தியபோது ‘மகமை’ என்று ஒரு பங்கை அறத்திற்காக ஒதுக்கி வைத்தனர். ஈட்டும் தொழில் ஈட்டும் தொழிலாகவே நடந்தது. அதே கணக்கேட்டுக்குள் கோயிலுக்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டது. வணிகமும் வழிபாடும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே வாழ, அந்தப் பங்கீடு ஒரு வரம்பாக நின்றது.

சிறுநீரகத்தின் விலை

இனி, இப்பொருளின் கடினமான பகுதிக்கு வருவோம். மலேசியாவில் கூழ்மப்பிரிப்பு என்னும் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சையில் இருப்போர் 50,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பொறியோடு இணைந்து கிடக்கின்றனர். மாற்றுச் சிறுநீரகத்திற்காகப் பதிந்து காத்திருப்போர் பல்லாயிரவர். இறந்தபின் உறுப்பளிப்போரோ, நாட்டு மக்களில் பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்னும் அளவை ஒட்டியே உள்ளனர்.

மனிதனுக்கு ஒரு சிறுநீரகம் போதும். ஒருவருக்கு இரண்டு இருக்கிறது, பணம் இல்லை. மற்றொருவருக்குப் பணம் இருக்கிறது, சிறுநீரகம் இல்லை. இருவரும் மனமொப்பி மாற்றிக்கொண்டால் யாருக்கு இழப்பு? கூச்சத்தைக் கேள்வி கேட்பவர்களின் வலிமையான வாதம் இதுவே. ஈரான் நாடு 1988ஆம் ஆண்டிலிருந்து, இழப்பீடு தந்து உயிருள்ளவரிடம் சிறுநீரகம் பெறும் முறையை அரசின் மேற்பார்வையில் நடத்தி வருகிறது. “உங்கள் கூச்சம் வசதியுள்ளோரின் ஆடம்பரம். ஏழைக்கிருந்த ஒரு கதவையும் அடைத்துவிட்டு, வேறு கதவைத் திறக்காமல் நிற்கிறீர்கள்” என்று அவ்வாதத்தினர் கூறுவர். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

அதற்கு விடை தேடத் தமிழ்நாட்டுக்குச் செல்வோம். 1980, 1990களில் சென்னை சிறுநீரக விற்பனைக்குப் பேர்பெற்றது. வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று அழைக்கும் அளவுக்கு அங்கே விற்றோர் மிகுந்திருந்தனர். வெளிநாடுகளிலிருந்து நோயாளிகள் இந்தியாவுக்குச் சென்றனர்; மலேசியரும் அவர்களுள் அடங்குவர். 1994ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2001ஆம் ஆண்டில், சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் ஆய்வாளர்கள் நேர்கண்டனர். அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தனர். விற்றபின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூவர், நேர்காணலின்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். பெரும்பாலோர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். பிறருக்கு இதனைப் பரிந்துரைப்பீர்களா என்ற கேள்விக்கு 79 விழுக்காட்டினர் இல்லை என்றனர்.

மனமொப்பிய ஈடுமாற்று என்று தாளில் எழுதியிருந்ததன் பின்னால் கடன்காரர் நின்றிருந்தார். உறுப்பை இழந்தோர் கூலித்தொழிலாளர். அவர்தம் ஒரே முதல் உடல்தான். அந்த முதலில் ஒரு பகுதியை விற்றதால் நாளைய கூலி குறைந்தது; கடன் மீண்டும் வளர்ந்தது. எண்களைப் பாராமலே பலர் அடைந்திருந்த கூச்சம், எண்கள் பின்னர் உறுதிசெய்த ஒன்றை முன்னரே உணர்ந்திருந்தது.

ஆனால் கூச்சம் அத்தோடு நின்றிருந்தால் காத்திருக்கும் நோயாளிக்கு என்ன பயன்? தடை ஒரு தீங்கை நிறுத்தியது, பற்றாக்குறையை நீக்கவில்லை. அடுத்த அடி 2008ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. சாலை நேர்ச்சியில் மூளைச்சாவடைந்த பதினைந்து அகவைச் சிறுவன் ஒருவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடையளித்தனர். அவன் இதயத்தை ஏந்திய வண்டிக்காகச் சென்னைக் காவல்துறை போக்குவரத்தை ஒதுக்கி வழிவிட்டது. நாட்டு மக்கள் அதனை உற்று நோக்கினர். அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசு மூளைச்சாவுற்றோர் உறுப்புக்கொடைத் திட்டத்தை ஒழுங்குபடுத்தியது. பின்வந்த ஆண்டுகளில் அம்மாநிலம் இத்துறையில் இந்தியாவின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாயிற்று. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில், உறுப்பளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என அம்மாநில முதலமைச்சர் அறிவித்தார். பணத்தால் ஈடுசெய்யக் கூசும் இடத்தில், ஊரறிய நன்றி சொல்லும் மரபு நுழைந்தது.

பொருளியலாளர் ஆல்வின் ராத் வகுத்துத் தந்த இன்னொரு வழியும் உண்டு. கணவனுக்குச் சிறுநீரகம் கொடுக்க மனைவி முன்வருகிறார், குருதிவகை பொருந்தவில்லை. வேறொரு குடும்பத்திலும் அதே இடர். முதற் குடும்பத்து மனைவி இரண்டாம் குடும்பத்து நோயாளிக்கும், இரண்டாம் குடும்பத்தவர் முதற் குடும்பத்து நோயாளிக்கும் கொடுத்தால் இருவரும் பிழைப்பர். உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. பணம் நடுவில் வருவதில்லை. புறாவின் எடைக்குத் தன் தசையையே அரிந்து வைத்த சிபியின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, இத்தராசு அயலானதாகத் தோன்றாது.

கூச்சம் தவறும் இடங்கள்

இதுவரை கூச்சத்தின் சிறப்பையே மிகுதியும் கண்டோம். எல்லாக் கூச்சமும் மதிக்கத்தக்கதா? 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அதனை எதிர்த்தோரும் தம் மனத்தில் எழுந்ததைப் புனிதம் பற்றிய கூச்சம் என்றே நம்பினர். உணர்ச்சியின் வலிமையைக் கொண்டு அளந்தால், நம் கூச்சத்தையும் அவர்தம் கூச்சத்தையும் பிரித்தறிய முடியாது. தீட்டு என்பதும் உடலைச் சிலிர்க்கச் செய்யும் உணர்வாகவே இருந்தது.

காலத்தாலும் கூச்சம் இடம்பெயர்கிறது. கல்வியை விற்பது இழிவு என்று எண்ணியோர் பண்டு உண்டு. ஆனால் பவணந்தியாரின் நன்னூற் பாயிரம், பாடம் கேட்கத்தக்க மாணவர்களை வரிசைப்படுத்துகையில், பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் வழிபாடு செய்பவனையும் அடுத்தடுத்து வைக்கிறது. இன்று ஆசிரியர் மாதச் சம்பளம் பெறுவதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை. எனினும் பணம் பெற்று மதிப்பெண் கூட்டும் ஆசிரியர் ஒருவரை எண்ணினால் நாம் அனைவரும் கூசுவோம். கோடு இடம் மாறியிருக்கிறது, அழிந்துவிடவில்லை.

எனவே கூச்சத்தைச் சாட்சியின் இடத்தில் நிறுத்தவேண்டும். நீதிபதியின் இருக்கையை அதற்குக் கொடுத்துவிடக்கூடாது. சாட்சி சொல்வதைக் கவனித்துக் கேட்டபின் குறுக்கு விசாரணை செய்வது நம் கடமை. வகுப்பறையில் இவ்விசாரணைக்கு மூன்று கேள்விகள் உதவும். இக்கூச்சம் யாரைக் காக்கிறது? இதற்கான செலவை யார் செலுத்துகிறார், அவர் குரலை நாம் கேட்டோமா? இதே நன்மையை, கூச்சம் தராத வேறு வடிவில் பெற வழியுண்டா?

சிறுநீரக விற்பனையின்மேல் இக்கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். அங்கே கூச்சம் கடனில் மூழ்கிய கூலித்தொழிலாளியைக் காத்தது. செலவைக் காத்திருக்கும் நோயாளி செலுத்தினார். மூளைச்சாவுற்றோர் கொடை மாற்று வழியாக அமைந்தது. கோயில் நுழைவில், எதிர்த்தோரின் கூச்சம் ஏற்கெனவே உயர்ந்திருந்தோரின் நிலையை மட்டுமே காத்தது. செலவை வெளியே நிறுத்தப்பட்டோர் முழுமையாகச் செலுத்தினர். ஒரே பெயருடைய இரண்டு உணர்ச்சிகள் இவ்விடத்தில் பிரிந்து நிற்கின்றன.

வீட்டில் பேசாத பேச்சு

முடிவாக, நம் குடும்பங்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு கூச்சத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இறந்தபின் உறுப்பளிக்க வழிவகுக்கிறது. இன்று மைசெஜாத்ரா செயலி வழியாகவே கொடையாளராக உறுதிமொழி பதியலாம். ஆயினும் ஒருவர் பதிந்திருந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் குடும்பத்தாரிடம் மருத்துவர்கள் இசைவு கேட்கவே செய்வர். அந்த நேரத்தில் தாயும் தந்தையும் துணைவரும் அழுதுகொண்டிருப்பர். முடிவெடுக்கச் சில மணி நேரமே இருக்கும். அவர் என்ன விரும்பினார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏனெனில் அதைப் பற்றி வீட்டில் எவரும் பேசியதில்லை. பேச்செடுத்தாலே, “நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு?” என்று வாயை அடைத்திருப்போம். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்ற அச்சம், அன்பின் உருவில் வந்து நம்மைத் தடுக்கிறது.

தெரியாத குடும்பம் பெரும்பாலும் “வேண்டாம்” என்றே சொல்லும். அது இயல்பு, அதற்காக அவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் பேசாமல் இருந்ததும் ஒரு தெரிவே. வாரம் மும்முறை பொறியோடு கிடப்பவர் அதன் செலவைச் செலுத்துகிறார். அவர் நமக்கு அயலாராக இருக்கலாம். இத்தெருவிலேயே வாழ்பவராகவும் இருக்கலாம்.

உறுப்பளிக்க வேண்டும் என்று உங்களை வற்புறுத்துவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆராய்ந்தபின் வேண்டாம் என்று முடிவெடுப்போரும் மதிக்கத்தக்கவரே. மாணவர்கள் இன்றிரவு வீட்டில் உணவருந்தும்போது, தாய் தந்தையரிடம் இதுபற்றிய அவர்தம் விருப்பத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் அதட்டுவார்கள். சற்றுப் பொறுத்திருந்தால், பெரும்பாலும் சொல்வார்கள். அந்த விடை எதுவாயினும், ஒருநாள் மருத்துவமனை வாயிலில் உங்கள் சுமையில் பாதியை அது இறக்கி வைக்கும்.